நைனா உன்னிடம் நீட்டிய கை

வடக்குப்பட்டு,
ஆவணி, 1991

சேகர்,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் இந்தக் கடிதத்தின் முதல் வரியே பொய்யாகிவிடும். உன்னிடம் மூன்று வருஷத்துக்கு முன்னால் சொன்ன ஒரு பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் நேராகவே விஷயத்துக்கு வருகிறேன். உன் கல்யாணப் பத்திரிகைக்கு நீ ஓசூரிலிருந்து எழுதி அனுப்பிய வாசகம் முந்தாநாள் வந்து சேர்ந்தது. உன் பெயருக்கு மேலே என் பெயர் மட்டும் இருந்தது. அமரர் என்று போட்டுக்கூட உன் நைனாவின் பெயர் இல்லை. கீழே ஓரத்தில், "தங்கச்சி கல்யாணத்தன்னிக்கே குடிச்சிட்டு வந்து நின்ன மனுஷன் பேரு என் பத்திரிகைல வேணாம்மா. மண்டபத்துல படமும் வெக்காதே" என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டுப் பால்வாடிக்குப் போனேன். பிள்ளைகளுக்கு மாவு உருண்டை பிடித்துக் கொடுத்தேன், மூக்கு துடைத்துவிட்டேன், தூங்கவைத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மறுபடியும் எடுத்துப் படித்தேன். நீ எழுதினது எழுதினபடியேதான் இருந்தது.

என் வாய் உனக்குத் தெரியும். ரேஷன் கடைக்காரன் என் தலையைப் பார்த்தாலே எடைக்கல்லைச் சரிபார்க்கிறான். ஆனால் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று இருந்தால் மட்டும் இந்த வாய்க்கு என்ன கேடு வந்ததோ, பூட்டிக்கொள்ளும். நீ தீபாவளிக்கு வந்தபோதெல்லாம் சொல்ல நினைத்தேன். நீ சாப்பிட்டு முடிக்கட்டும் என்றிருந்தேன், தூங்கி எழட்டும் என்றிருந்தேன், பிறகு நீ பஸ் ஏறிவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து, முழுசாகப் படி. பாதியில் கோபம் வந்தால் கிழித்துப் போட்டுவிடாதே. இன்னொரு தடவை எழுதுகிற தைரியம் எனக்கு இல்லை.

உன் நைனா குடிகாரர் இல்லை என்று நான் சாதிக்கப் போவதில்லை. குடித்தார். உனக்குப் பத்து வயசிலிருந்து இருபது வயசு வரைக்கும் நீ பார்த்ததெல்லாம் உண்மைதான். சம்பள நாளில் நீ ஐஸ் கம்பெனி வாசலில் போய் நின்று அவரைக் கூட்டிக்கொண்டு வந்ததும், வழியில் அவர் சைக்கிளோடு ஏரிக்கரையில் விழுந்ததும், மறுநாள் பள்ளிக்கூடத்தில் உன்னைக் கேலி செய்ததும் எனக்கு மறக்கவில்லை. ஆனால் உன் தங்கச்சி கலாவின் கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்பு, மஞ்சள் காமாலை வந்து எழுந்த பிறகு, அவர் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. நீ அப்போது ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய். அவர் விட்டதை நீ பார்க்கவில்லை, குடித்ததை மட்டும் பார்த்தாய். அது உன் தப்பு இல்லை.

கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது அவரிடம் சின்னச் சின்னதாகச் சில மாறுதல்கள் தெரிந்தன. சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போடுவார். பகலெல்லாம் தூக்கம். காபியில் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். ஐஸ் கம்பெனியில் அவர் மிஷின் ரூம் ஆபரேட்டர் இல்லையா, மணிக்கொரு தடவை மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதவேண்டும். ஒருநாள் ஷிப்ட் முழுக்க ஒரே எண்ணையே எழுதியிருக்கிறார். அதுவும் கோடு விட்டுக் கீழே சரிந்து, பால்வாடிப் பிள்ளை கிறுக்கினது மாதிரி. சூப்பர்வைசர் அந்த நோட்டையும் அவரையும் வீட்டுக்கே கொண்டுவந்து விட்டார். "திரும்பவும் ஆரம்பிச்சிட்டாரா அக்கா?" என்று கேட்டார். நான் அவர் வாயை மோந்து பார்த்தேன். ஒரு மாதிரி இனிப்பும் புழுங்கலும் கலந்த வாடை அடித்தது, ஆனால் அது சாராய வாடை இல்லை. பத்து வருஷம் மோந்த மூக்கு, எனக்குத் தெரியாதா?

மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அந்த டாக்டரம்மா, "ரத்தத்துல அம்மோனியா ஏறியிருக்கு" என்று சொன்னார். சேகர், அந்த ஒரு வார்த்தையில்தான் நான் வழுக்கி விழுந்தேன். அம்மோனியா! அது எனக்கு என்ன புது வார்த்தையா? ஐஸ் கம்பெனி குழாயில் ஓடுவதே அதுதானே. பதினெட்டு வருஷமாக அவர் சட்டையைத் துவைக்கும்போது மூக்கைத் துளைத்து, கண்ணில் நீர் வரவைத்த நெடி அது. லீக் ஆன அன்றைக்கெல்லாம் ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போய் வால்வை அடைத்துவிட்டு, சிவந்த கண்ணோடு வந்து படுப்பார். "நான் அப்பவே தலைப்பாடா அடிச்சிக்கினேனே டாக்டரம்மா, அந்தப் பாழாப்போன கம்பெனி வேணாம்னு!" என்று அங்கேயே ஆரம்பித்துவிட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு இப்போதைய உன் வயசுதான் இருக்கும். பொறுமையாகச் சொன்னது. "இது கம்பெனி அம்மோனியா இல்லம்மா. நாம சாப்பிடற சாப்பாட்டுலேர்ந்து குடல்லயே உண்டாகறது. எல்லாருக்கும் உண்டாகும். கல்லீரல் நல்லா இருந்தா அதைப் பிடிச்சு மாத்தி, சிறுநீர்ல அனுப்பிடும். இவருக்குக் கல்லீரல் சுருங்கிப்போச்சு. அதனால அது நேரா மூளைக்குப் போகுது." ஒரு சிரப் எழுதிக் கொடுத்தது. பாகு மாதிரி தித்திக்கும் மருந்து. அது குடலுக்குள் போய்ப் புளிக்குமாம். அந்தப் புளிப்பில் அம்மோனியா மாட்டிக்கொண்டு, ரத்தத்துக்குள் ஏற முடியாமல், வெளிக்குப் போகும்போது அதோடு போய்விடுமாம். தினம் இரண்டு மூன்று தடவை வெளிக்குப் போயே ஆகவேண்டும், மலம் கட்டக்கூடாது, தூக்க மாத்திரை கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னது. கடைசியாக ஒரு பரீட்சையும் கற்றுக்கொடுத்தது. "லாரிய நிறுத்தற போலீஸ்காரர் மாதிரி ரெண்டு கையையும் முன்னால நீட்டச் சொல்லுங்க. உள்ளங்கை வெளிய பாக்கணும், விரல் விரிச்சிருக்கணும். கை அப்படியே நின்னா நல்லா இருக்கார்னு அர்த்தம். குருவி றெக்கை மாதிரி கை அடிச்சிக்கிட்டா மூளைக்கு ஏறிடுச்சுன்னு அர்த்தம். உடனே கூட்டிட்டு வந்துடுங்க. தினமும் காலையில பாக்கணும்மா."

உன் நைனாவுக்கு அது சட்டென்று புரிந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போதே சொன்னார்: "லீக்கு கம்பெனில இல்லடி. உள்ளாற கீது. அம்மோனியாவுக்குத் தண்ணின்னா உசுரு, எங்க போனாலும் தண்ணியத் தேடிக்கினு போவும். மூளைல போயி உக்காந்தா இன்னா ஆவும்னு பாத்துக்க." நான் கேட்கிற ஆளா? பெரிய மேதாவி மாதிரி, "எல்லாம் எனக்குத் தெரியும், நீ மொதல்ல வேலைய வுடு" என்றேன். அவர் அழாத குறையாக நின்றார். நான் விடவில்லை. நானே போய் மேனேஜரிடம் பேசி, லீவு எழுதிக்கொடுத்து, அவர் துண்டையும் டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு சிரப்பும் கொடுத்தேன். ஒரே வாரத்தில் ஆள் தெளிந்துவிட்டார். பேப்பர் படித்தார், பத்திரிகை கொடுக்க என்னோடு படப்பை வரைக்கும் வந்தார். தெளியவைத்தது சிரப். ஆனால் கம்பெனியை விட்டதால்தான் என்று நான் மார்தட்டிக்கொண்டேன். தினம் காலையில் பல் விளக்கியதும் என் முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் நீட்டுவார். "பாஸா, ஃபெயிலா?" என்பார். "பாஸு, போய்க் காபி குடி" என்பேன். சேகர், எங்கள் இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அந்த மூன்று மாதம்தான் நாங்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம்.

உனக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். யாருக்குமே சொல்லவில்லை. மூளைக்கு ஏறுகிற நோய் என்று வெளியே தெரிந்தால் கலாவைக் கட்டுவார்களா? பெண்ணுக்கும் வருமோ, பேரனுக்கும் வருமோ என்று சம்பந்தி ஊரான மணிமங்கலத்தில் ஒரு பேச்சு கிளம்பினால் போதும், நிச்சயம் பண்ணின தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். சிரப் பாட்டிலை அரிசி டின்னுக்குள் வைத்திருந்தேன். உன்னிடம் சொன்னால் நீ பதறிக்கொண்டு ஓடிவருவாய், விஷயம் வெளியே போய்விடும் என்று உனக்கும் மறைத்தேன்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது நான் அந்தச் சிரப்பை நிறுத்தினேன். காரணம் கேட்டால் சிரிப்பாய், இல்லை, சிரிக்கமாட்டாய். சிங்கப்பெருமாள் கோவில் மண்டபத்தில் கக்கூஸ் எங்கே இருந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சமையல்கட்டுக்குப் பின்னால், ஒன்றே ஒன்று. முன்னூறு பேர் உட்கார்ந்திருக்க, மணவறையில் தாரை வார்க்கிற நேரத்தில் பெண்ணின் அப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடினால் என்ன ஆகும்? அந்த ஒரு கவலைதான். கம்பெனி வேலையை விட்டு மூன்று மாதம் ஆகிறது, இனிமேல் இவர் உடம்பில் அம்மோனியா எங்கேயிருந்து வரப்போகிறது என்றும் ஒரு கணக்குப் போட்டேன். அவர் கேட்டார், "இன்னாடி, சிரப்பு எங்க?" என்று. "தீர்ந்துபோச்சு, கல்யாணம் முடிஞ்சி வாங்கிக்கலாம், மூணே நாளு" என்றேன். பாட்டிலில் பாதி இருந்தது. "சரி, கைய மட்டும் பாத்துக்கினே இரு. அது போதும்" என்றார். நானும் தலையாட்டினேன்.

முகூர்த்தத்தன்று விடியற்காலையில் மண்டபத்து மாடி அறையில் நான் கலாவுக்கு ஜடை பின்னிக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் வந்து நின்று இரண்டு கையையும் நீட்டினார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பூச்சரம் என் பல்லுக்கு நடுவில் இருந்தது. "இப்பதான் நேரம் கெடச்சிதா? அப்பால பாக்கறேன், போய் வேட்டிய ஒழுங்கா கட்டு" என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கீழே போனார். கீழே வாசலில் நீ சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாய்.

இனி நடந்ததை நீ உன் பக்கத்திலிருந்து பார்த்தாய். நான் மாடிப்படியில் இறங்கிக்கொண்டே பார்த்தேன். பொத்தான் மாறிய சட்டையோடு உன் முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் உன் முகத்துக்கு நேரே தூக்கினார். கை அடித்துக்கொண்டது. டாக்டரம்மா சொன்ன அதே மாதிரி. நீ, "இன்னா நைனா, இத்தினி பேரு எதிர்ல என்னியே அடிக்கக் கை ஓங்கறியா?" என்று அந்தக் கையைத் தட்டிவிட்டாய். அவர் அடிக்க வரவில்லைடா. அம்மா பார்க்கவில்லை, நீயாவது பார் என்று காட்ட வந்தார். வாய்ப்பேச்சு குழறிவிட்டதால் கையால் கேட்டார். உனக்கு எப்படித் தெரியும்? உனக்குத்தான் நாங்கள் எதுவுமே சொல்லவில்லையே.

நீ நேராக என்னிடம் வந்தாய். "யம்மா, உண்மையச் சொல்லு. நைனா போட்டுகினு வந்துகீதா? வாய்ல வாடை வருது" என்று கேட்டாய். என் பக்கத்தில் சம்பந்தியின் அக்கா நின்றுகொண்டிருந்தார், காதை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு. குடித்துவிட்டார் என்றால் ஊர் இரண்டு நாள் பேசிவிட்டு மறந்துவிடும். மூளை நோய் என்றால் தாலி ஏறாது. அந்த ஒரு நொடியில் நான், "ஆமாண்டா, காலைலயே கொஞ்சம் போட்டுட்டாரு போல. கண்டுக்காதே" என்றேன். இதுதான் நான் உன்னிடம் சொன்ன பொய். நீயாகக் கற்பனை பண்ணிக்கொள்ளவில்லை, ஊர் கட்டிவிட்டதும் இல்லை. பெற்றவள் சொன்னாள், நீ நம்பினாய்.

அப்புறம் அவர் தாரை நீரைக் கலாவின் கையில் ஊற்றாமல் தன் மடியிலேயே ஊற்றிக்கொண்டதும், மணவறையிலேயே தூங்கி வழிந்ததும், நீ பல்லைக் கடித்துக்கொண்டு அவரைத் தூக்கிப்போய்ச் சாமான் அறையில் சாக்கு மூட்டைமேல் படுக்கவைத்து, வெளியே தாழ்ப்பாள் போட்டதும் உனக்கே தெரியும். கடைசிப் பந்தி முடிந்து நான் திறந்தபோது அவரை எழுப்ப முடியவில்லை. உன்னை மண்டபத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, நானும் உன் மாமாவும் வாடகைக் காரில் மெட்ராஸுக்குக் கொண்டுபோனோம். தாம்பரம் தாண்டும்போது ஒரு தடவை கண்ணைத் திறந்தார். "பையன்கிட்ட காட்னேன்... பாக்கல" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

அந்த டாக்டரம்மா என்னை உட்காரவைத்து, எத்தனை நாளாகச் சிரப் கொடுக்கவில்லை என்று கேட்டது. சொன்னேன். "சொல்லியிருந்தேனேம்மா" என்றது, திட்டக்கூட இல்லை. என்னதான் ஆச்சு என்று நான் கேட்டதும் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னது. மூளையில் நரம்பணுக்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அவற்றுக்கு வேலைக்காரி மாதிரி இன்னொரு வகை அணுக்கள் இருக்கின்றனவாம். அம்மோனியா வந்தால் அவைதான் அதை வாங்கி, வேறொரு பொருளாக மாற்றித் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுமாம். அந்தப் பொருள் தண்ணீரை இழுக்கிறது, அணு வீங்குகிறது. அணுவுக்குள்ளே அமிலமும் காரமும் இருக்கவேண்டிய அளவும் தடுமாறிப்போகிறது. "கொண்டைக்கடலைய ஊறப்போட்டா பெருக்கும் இல்லையா? டப்பாவ இறுக்கி மூடிட்டு ஊறப்போட்டா எங்க போகும்? மண்டை ஓடு அப்படித்தாம்மா. எல்லாம் இன்னும் முழுசாத் தெரியல, ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுதான் இருக்காங்க" என்றது. அன்று காலையிலேயே கொண்டுவந்திருந்தால் என்று கேட்டேன். "கல்லீரல் ஏற்கெனவே கெட்டது. எத்தனை நாள்னு சொல்ல முடியாது. ஆனா இந்தத் தடவை மீட்டிருக்கலாம்" என்றது. நான் இப்போதும் கொண்டைக்கடலை ஊறப்போடுவதில்லை.

நீ கொள்ளி வைத்துவிட்டு மூன்றாம் நாளே ஓசூர் போய்விட்டாய். பதினாறாம் நாளுக்குக்கூட வரவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. உண்மையைச் சொன்னால் அந்தத் தாழ்ப்பாளை நினைத்து நினைத்து நீ உருகிப்போவாய். சொல்லாவிட்டால் செத்தவரை நீ வெறுத்துக்கொண்டே இருப்பாய். செத்தவருக்கு வலிக்காது என்று முடிவுபண்ணி அவரை விற்றுவிட்டேன். உன் வாசகம் வந்த பிறகுதான் தெரிகிறது, வெறுப்பைச் சுமந்துகொண்டு நீதான் திரிந்திருக்கிறாய்.

நேற்று லீவு சொல்லிவிட்டு மணிமங்கலம் போனேன். கலாவையும் அவள் மாமியாரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கலா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்த அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "இன்னாம்மா நீ, ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்க வண்டிலயே ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்போமே. எங்க வூட்லயும் அதே நோவுலதான் எங்க மாமனாரு போனாரு." சேகர், யாருக்குப் பயந்து நான் அவரைக் காட்டிக்கொடுத்தேனோ, அவர்கள் வீட்டிலும் அதே சிரப் பாட்டில் இருந்திருக்கிறது. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு படப்பை எப்போது தாண்டியது என்றுகூடத் தெரியாமல் அழுதுகொண்டே வந்தேன். கண்டக்டர் டிக்கெட்கூடக் கேட்கவில்லை.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஒன்றே ஒன்று சொல்கிறேன். வருகிற பெண்ணிடம் உன் உடம்புக்கு ஒன்று என்றால் மறைக்காதே, அவளுக்கு ஒன்று என்றால் மறைக்கவைக்காதே. டாக்டர் சொல்வது புரியாவிட்டால், புரிந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு என்னை மாதிரி மேதாவித்தனம் பண்ணாமல், வெட்கப்படாமல் திரும்பக் கேள். அந்தத் தாழ்ப்பாளைப் பற்றி நினைக்காதே. அதைப் போட்டது உன் கை, போடவைத்தது என் வாய். என்மேல் கோபப்படு. மண்டபத்துக்கு வராதே என்று சொன்னால்கூட எனக்குச் சம்மதம்தான்.

பிரஸ்காரர் வாசகத்தைக் கேட்டு ஆள் அனுப்பினார். உன் பெயருக்கு மேலே ஒரு வரியைக் காலியாக விட்டு அச்சுக் கோத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த இடத்தில் நானே அவர் பெயரைப் போட்டிருக்கலாம். போடவில்லை. உனக்காக நான் முடிவு பண்ணினதெல்லாம் போதும். இந்தக் கவருக்குள் ஒரு தபால் கார்டு வைத்திருக்கிறேன். விலாசம் எழுதிவிட்டேன், மறுபக்கம் வெறுமையாக இருக்கிறது. கடிதம் எல்லாம் எழுதவேண்டாம், நலமா என்று கேட்கவேண்டாம், என்னை அம்மா என்றுகூடக் கூப்பிடவேண்டாம். நைனாவின் பெயரை மட்டும் உன் கையெழுத்தில் எழுதி அனுப்பு.

வெறும் கார்டே திரும்பி வந்தாலும் நான் எடுத்து வைத்துக்கொள்வேன்.

அம்மா